நல்ல துணியை வெட்டி மறுபடி தைப்பானேன்? – குயில்ட் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கடைக்குப் போய் மீட்டர் கணக்கில் நல்ல பருத்தித் துணி வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிறார்கள். அப்புறம் அந்தத் துண்டுகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து மறுபடியும் பெரிய துணியாக்குகிறார்கள். இப்படி ஒரு வீடியோவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்ற அம்மா கேட்டார்: "முழுசாத்தானே இருந்துச்சு, அதை ஏன் வெட்டிட்டு இந்தப் பாடு படறாங்க?"

நியாயமான கேள்வி. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்து, பிறகு நானே ஊசியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை, குயில்ட் என்ற சொல்லையே இப்போதுதான் கேட்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

எது குயில்ட்?

நம் வீட்டுப் பழைய இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. சாண் இடைவெளியில் ஊசியை மேலிருந்து கீழே குத்தி இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். அந்த முடிச்சு எதற்கு? அது அறுந்துபோன மெத்தையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டி கட்டியாகிவிடும். இன்னொரு பக்கம் வெறும் துணிதான் இருக்கும்.

குயில்ட்டும் அதே சங்கதிதான். மேல்துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளிப் படலம், அடித்துணி என மூன்று அடுக்கு. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல். மெத்தையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு; குயில்ட்டில் துணி முழுக்க ஓடும் தையல் வரிசை. அப்படி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் வேலைக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'குல்கிட்டா'. அதற்கும் அடைத்த மெத்தை என்றுதான் பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். குயில்ட் என்றதும் நம் கண்ணில் நிற்பது பல நிறத் துண்டுகள் சேர்ந்த மேல்பக்கம். அது ஒட்டுவேலை, பேட்ச்வொர்க் என்பார்கள். துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பது ஒரு வகை. பூ, இலை, பறவை என்று வடிவமாக வெட்டி ஒரு முழுத்துணியின் மேல் வைத்துத் தைப்பது இன்னொரு வகை. அதற்கு அப்ளிக் என்று பெயர். இவை இரண்டுமே இல்லாமல், ஒரே நிற முழுத்துணியில் தையலை மட்டும் வைத்துக் கோலம் போட்ட குயில்ட்டுகளும் உண்டு. அதாவது, ஒட்டு இல்லாமல் குயில்ட் இருக்கலாம். அடுக்குகளைப் பிடித்து வைக்கும் தையல் இல்லாமல் இருக்க முடியாது.

அது சூடு தருவது எப்படி? உண்மையில் பஞ்சு சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. நிற்கும் காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நம் உடம்புச் சூடு அதற்குள் தங்கிவிடுகிறது. தையல் நெருங்க நெருங்கத் துணி உறுதியாகும்; ஆனால் பஞ்சு அமுங்கிக் காற்றுக்கு இடம் குறையும். எவ்வளவு இடைவெளியில் தைப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவிலான பேரம்.

போர்வைக்கு முன் சட்டை

அடுக்கு வைத்துத் தைப்பது எந்த ஊரில் தொடங்கியது என்று கேட்டால், குளிர் இருந்த இடத்திலும் அடிவிழுந்த இடத்திலும் என்பதுதான் என் பதில். எகிப்தின் அபிடோஸில் கிடைத்த தந்தத்தாலான சிறு அரசர் சிலை ஒன்று இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 5,000 ஆண்டு. அவர் போர்த்தியிருக்கும் அங்கியில் வைரக்கட்டம் போலக் கோடுகள் செதுக்கியிருப்பதால், அது தைத்த அடுக்குத் துணியாக இருக்கலாம் என்கிறார்கள். துணியே கையில் கிடைத்தது மங்கோலியாவில். 1924–25-இல் நொயின் உலா மலைப்பகுதியின் கல்லறைகளைத் தோண்டிய ரஷ்யக் குழு, சுருள் சுருளாகத் தையல் ஓடும் கம்பள விரிப்பு ஒன்றை எடுத்தது. அதன் வயது சுமார் 2,000 ஆண்டு. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நடுக்கால ஐரோப்பாவில் போர்வீரர்கள் இரும்பு வளையக் கவசத்துக்கு உள்ளே கனமாக அடுக்கித் தைத்த சட்டை போட்டார்கள். இரும்பு, கத்தி வெட்டைத் தடுக்கும். ஆனால் அடியின் அதிர்ச்சி எலும்பு வரை போகும். அதை வாங்கிக்கொள்ளத்தான் இந்தச் சட்டை. காசில்லாத காலாட்படைக்கு இது மட்டும்தான் கவசமே.

14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலித் தீவில் தைத்த டிரிஸ்டன் குயில்ட்தான் அலங்காரக் குயில்ட்டுகளில் மிகப் பழையவற்றுள் பெயர்பெற்றது. இரண்டு லினன் துணிகளுக்கு நடுவே, உருவங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சைத் திணித்துப் புடைக்க வைத்து, டிரிஸ்டன் என்ற ஐரோப்பியப் பழங்கதை வீரனின் கதையைக் காட்சி காட்சியாகத் தைத்திருக்கிறார்கள். பல நிறம் கிடையாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல்தான் ஓவியம். ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இன்னொன்று ஃபுளோரன்ஸில்.

கந்தையும் காந்தாவும்

இனி நமக்குப் பக்கத்தில் வருவோம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். அந்தக் கந்தையும், சமஸ்கிருதத்தின் 'கந்தா'வும், வங்காளத்தின் 'காந்தா'வும் உறவுச் சொற்கள். வங்காளத்தில் அது கிழிசலின் பெயராக நின்றுவிடாமல் ஒரு கலைக்கே பெயராகிவிட்டது.

பழைய பருத்திப் புடவை, வேட்டி. பல வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆனவை. அவற்றைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஓரங்களை மடித்துத் தைத்து, நடுவே நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போட்டு, அடுக்கு நகராமல் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். நூல் கடையிலிருந்து வந்ததில்லை. பழைய புடவைக் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்து வைத்தது. நடுவில் விரிந்த தாமரை. நான்கு மூலையிலும் மரமோ மாங்காய் வடிவமோ. இடையில் மீன், யானை, பல்லக்கு, சில சமயம் ரயில் வண்டி, துப்பாக்கி பிடித்த சிப்பாய் என்று எது கண்ணில் பட்டதோ அது.

இத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே தையல்தான்: ஓட்டுத் தையல். பள்ளியில் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்களே, ஊசி உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. வெள்ளைத் தரையை வெள்ளை நூலால் உருவத்தின் ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றித் தைத்து நிரப்பும்போது, துணி மெல்லச் சுருங்கி, குளத்தில் கல் விழுந்தது போல அலை அலையாக எழும். காந்தாவைக் கையில் தொட்டால் தெரிவது அந்த அலைதான். படத்தில் பார்த்தால் பாதிதான் தெரியும்.

வங்காளத்துக் குளிருக்கு ஏற்ற மெல்லிய போர்வைக்கு ஒரு பெயர், கண்ணாடி சுற்றி வைக்க ஒரு பெயர், புத்தகம் சுற்ற ஒரு பெயர் என்று காந்தாவில் பல வகை. பிறந்த குழந்தைக்கென்று தைப்பது தனி. புதுத் துணியின் கஞ்சி முரடு குழந்தையின் தோலுக்கு ஆகாது. பாட்டி உடுத்திய புடவையைவிட மென்மையாக எந்தக் கடையில் கிடைக்கும்? நம் ஊரிலும் தூளி கட்டப் பழம்புடவையைத்தானே தேடுகிறோம்.

ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் வங்காளக் கிராமங்களில் தேடித் தேடிச் சேர்த்த காந்தாக்கள் கொல்கத்தாவை அடுத்து அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றில், மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காக இதைத் தைத்ததாக நூலாலேயே எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்குள் இருந்த பெண்கள் பெயரெழுதக் கிடைத்த காகிதம் அதுதான்போலும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இப்போது துணிக்கடைகளில் 'காந்தா புடவை' என்று விற்பது புதுத்துணியில் ஒற்றை அடுக்கில் போட்ட ஓட்டுத் தையல். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடுக்கு இல்லை. அதனால் அது குயில்ட் வகையில் சேராது.

காந்தா ஏழையின் கைவேலை என்றால், அதே வங்காளத்திலிருந்து அரண்மனைக்குப் போன குயில்ட்டும் உண்டு. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசிய வணிகர்கள் மஞ்சள் டஸ்ஸர் பட்டு நூலால் வேட்டைக் காட்சிகளும் கடவுளர் கதைகளும் தைத்த பெரிய விரிப்புகளை வங்காளத்தில் செய்யச் சொல்லி வாங்கிப் போனார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்விக் மாளிகையில் 1601-இல் எழுதிய பொருள் பட்டியலிலேயே, பறவையும் விலங்கும் தைத்த மஞ்சள் நிற இந்தியக் குயில்ட் ஒன்று இருக்கிறது.

சீட்டித் துணி செய்த கலகம்

இந்த இடத்தில் நம் கடற்கரை கதைக்குள் வருகிறது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம். இந்தத் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சாயத்துணிதான் அங்கே 'சின்ட்ஸ்' என்று புகழ்பெற்றது. நாம் சீட்டித் துணி என்போமே, அதுவேதான். படிகாரமும் இரும்புக் கரைசலும் கொண்டு எழுதி, சாயவேரில் சிவப்பேற்றி, அவுரியில் நீலமேற்றிச் செய்தது. ஐரோப்பாவில் அன்று பருத்தியில் இப்படித் துவைத்தால் போகாத நிறம் ஏற்றத் தெரியாது. கம்பளியையும் கனத்த பட்டையும் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று வரும் பூப்போட்ட மெல்லிய துணி கிடைத்தால் விடுவார்களா?

உள்ளூர் நெசவாளிகளுக்கு வயிற்றில் அடி. பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700-இல் சாயமிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. அதுவும் போதாமல் 1719-இல் லண்டன் நெசவாளிகள் தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள். 1721-இல் அத்தகைய துணிகளை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடுத்து இன்னொரு சட்டம். அது 1774 வரை நின்றது.

வாங்க முடியாது, வாங்கினால் விலை அதிகம். கையில் இருக்கும் ஒரு துண்டை என்ன செய்வது? பூவை, பறவையை, கிளையை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து, வெள்ளைத்துணியின் மேல் பரப்பித் தைத்தார்கள். ஒரு துண்டு சீட்டி ஒரு படுக்கை முழுக்கப் பூத்தது. சட்டம் போன பின்னும் இந்தப் பழக்கம் போகவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. ஆக, அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் இது: துணி அத்தனை அருமையாக இருந்ததால் வெட்டினார்கள்.

சேமித்ததற்குச் சான்றாக இன்னொரு பழைய பொருள் இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் மேல் 1718 என்று ஆண்டே தைத்திருக்கிறது. பட்டுத் துண்டுகளைக் காகிதத்தின் மேல் மடித்து வடிவம் பிடித்துச் சேர்த்த ஒட்டுவிரிப்பு. வேலை முடிந்தால் காகிதத்தை உருவிவிடுவது வழக்கம், இதில் விட்டுவிட்டார்கள். எழுதித் தீர்ந்த தாள்கள் 300 வருடமாகப் பட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அமெரிக்கா: பஞ்சத்தில் பிறந்ததா?

குயில்ட் என்றால் பலருக்கு அமெரிக்காதான் நினைவுக்கு வரும். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதையும் வரும். காட்டை வெட்டிக் குடியேறியவர்கள், குளிர், வறுமை, கிழிந்த சட்டையைக்கூட விடாமல் தைத்த பெண்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை.

கையால் நூற்றுக் கையால் நெய்த காலத்தில் துணியே அரிது. சட்டை கிழிந்தால் அது குழந்தைக்குச் சட்டையாகும், பிறகு துடைக்கும் துணியாகும். ஒட்டுப்போட மிச்சம் ஏது? அன்றைய குயில்ட்டுகள் வசதியான வீட்டுப் பண்டங்கள். உட்கார்ந்து தைக்க நேரம் உள்ளவர்களுடையவை. ஒட்டுவேலை வீட்டுக்கு வீடு பரவியது 1830, 1840-களில், ஆலைத்துணி மலிந்த பிறகு. அந்த மலிவுக்குப் பின்னால் தெற்கு மாநிலப் பருத்தி வயல்களில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் உழைப்பு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1850-களிலிருந்து தையல் மெஷினும் வந்து சேர்ந்தது.

அப்போது வளர்ந்ததுதான் 'பிளாக்' முறை. முழுப் போர்வையையும் ஒரேயடியாகத் தைக்காமல், ஓரடிச் சதுரமாக ஒவ்வொன்றைத் தனியே தைத்து, சேர்ந்த பின் இணைப்பது. இது சின்ன மாற்றமாகத் தெரியலாம். என் பார்வையில் இந்தக் கலையின் பெரிய கண்டுபிடிப்பே இதுதான். மடியில் வைத்துத் தைக்கலாம். உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு சதுரம் முடித்துப் பெட்டியில் போடலாம். அதைவிட வேடிக்கை, சதுரங்களைத் திருப்பி வைத்தாலே புதுக்கோலம் பிறக்கும். 'லாக் கேபின்', அதாவது மரக்கட்டை வீடு என்ற வடிவத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு சதுரம். பெரும்பாலும் சிவப்பு, அது வீட்டின் அடுப்பு என்பார்கள். சுற்றிலும் மரக்கட்டை அடுக்குவது போல நீளப் பட்டைகள். மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர் நிறம். இதே சதுரத்தை ஒரு விதமாக அடுக்கினால் உழவுச் சால் போலக் கோடு ஓடும். இன்னொரு விதமாக அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக வைரங்கள் விரியும். புள்ளி அதேதான், கோலம் வேறு.

மேல்துணி தயாரானதும் மரச்சட்டத்தில் மூன்று அடுக்கையும் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலாபுறமும் உட்கார்ந்து ஒரே நாளில் தைத்து முடிப்பார்கள். 'குயில்ட்டிங் பீ' என்று பெயர். ஊர்க்கதை பேசியபடியே வேலை நடக்கும். நம் ஊரில் அப்பளம் இடும் நாள் போல.

போட்டியும் வந்தது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஏறக்குறைய 24,000 குயில்ட்டுகள் வந்தன. பொருளாதாரம் தரைமட்டமாகக் கிடந்த காலத்தில் முதல் பரிசு 1,200 டாலர். பரிசு வாங்கியவர் அதில் ஒரு தையல்கூடத் தன் கையால் போடவில்லை, கூலிக்கு ஆள் வைத்துத் தைத்தார் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது.

ஐந்து டாலரும் அருங்காட்சியகமும்

ஹாரியட் பவர்ஸ் 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் அதே மாநிலத்து ஏதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் அவர் தைத்த குயில்ட் ஒன்று காட்சிக்கு வந்தது. பைபிள் கதைகள் 11 கட்டங்களில். வெட்டி ஒட்டிய மனிதர்கள், மிருகங்கள், விண்மீன்கள். பார்த்து மயங்கிய ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார்; ஹாரியட் தர மறுத்துவிட்டார். சுமார் ஐந்து வருடம் கழித்துக் கஷ்டம் முற்றியபோது அவரே 10 டாலருக்குத் தர வந்தார். ஆசிரியையிடம் 5 டாலர்தான் இருந்தது. கொடுத்துவிட்டுப் போன பிறகும், குயில்ட்டைப் பார்ப்பதற்காகவே ஹாரியட் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தாராம்.

அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அதில் பைபிளோடு 1833 நவம்பரில் வானமே பொழிந்த எரிகல் மழையும் ஒரு கட்டமாக இருக்கிறது. அவர் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது. கேட்ட கதையைத் துணியில் வைத்திருக்கிறார். அவருடையதாக இன்று நம்மிடம் இருப்பவை இந்த இரண்டுதான்.

ஹாரியட்டுக்குத் தன் கையால் செய்தது என்ன மதிப்பு என்று தெரிந்திருந்தது. உலகத்துக்குத் தெரிய இன்னொரு நூற்றாண்டு ஆனது. அதற்கு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கதையைக் கேட்க வேண்டும். அலபாமா ஆறு கொக்கி போல வளையும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் விடுதலைக்குப் பிறகும் அங்கேயே தங்கினார்கள். தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே இன்றும் ஊரில் பாதிப்பேருக்கு உண்டு. 1960-களில் கறுப்பின மக்கள் வாக்காளர் பதிவுக்குக் கிளம்பியபோது, 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நின்றது. மறுபடி ஓடியது 2006-இல்.

இந்தத் தனிமையில் வளர்ந்த குயில்ட்டுகள் வேறெங்கும் இல்லாத ரகம். அளவுகோல் வைத்த சதுரம் கிடையாது. பட்டை கோணும், ஒரு மூலையில் திடீரென்று சிவப்பு வரும். வயலில் உடுத்திய ஜீன்ஸ், கிழிந்த சட்டை, மாவு மூட்டைத் துணி என எது கிடைத்ததோ அதுதான் நிறம். மிசௌரி பெட்வே 1942-இல் ஒன்று தைத்தார். கணவர் இறந்துவிட்டார். அவர் வேலைக்கு உடுத்திய துணிகளைப் பிரித்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளத் தைத்தது. பக்கத்தில் இருந்து உதவிய மகள்தான் பிற்காலத்தில் இதைச் சொன்னார். வெயிலிலும் துவைப்பிலும் வெளிறிய அந்த நீலத்தை எந்தச் சாயப்பட்டறையிலும் வாங்க முடியாது.

1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி விற்க ஆரம்பித்தார்கள். 2002-இல் ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகள் ஹூஸ்டனிலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறின. பத்திரிகைகள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. படுக்கையில் கிடந்தவரை போர்வை, சுவரில் மாட்டினால் கலை என்ற இந்தக் கணக்கு எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. இருந்தாலும் அந்தப் பெண்களின் பெயர்கள் வெளியே தெரிந்ததே, அது வரை நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட, குயில்ட்டில் ரகசியக் குறி வைத்துக் கொடியில் காயப்போட்டார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. 1999-இல் வந்த ஒரு புத்தகத்திலிருந்து பரவியது அது. வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை, அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை.

மூன்றடிக்கு ஆறடி

1985 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மெழுகுவர்த்தி ஊர்வலம். கிளீவ் ஜோன்ஸ் என்ற செயல்பாட்டாளர், எய்ட்ஸ் நோயில் இறந்த நண்பர்களின் பெயர்களை அட்டையில் எழுதிவரச் சொன்னார். ஊர்வல முடிவில் அவற்றை அரசுக் கட்டடம் ஒன்றின் சுவரில் ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோது அது ஒட்டுப்போர்வை போலத் தெரிந்தது. அங்கிருந்து பிறந்த யோசனைதான் எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்.

இறந்த ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலம், ஆறடி நீளத்தில் ஒரு துணிப்பலகை. அந்த அளவு ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் முதல்முறை விரித்தபோது 1,920 பலகைகள். இன்று சுமார் 50,000. எடை 54 டன். சட்டை, ஜீன்ஸ், கரடி பொம்மை, திருமண மோதிரம் என்று தைத்து வைத்திருக்கிறார்கள். பலருக்கு முறையான இறுதிச்சடங்கே நடக்காத காலம் அது. நோயின் பெயரைச் சொல்லக் குடும்பங்கள் கூசின. நான் தொடக்கத்தில் சொன்ன இலக்கணப்படி இதில் பல பலகைகள் குயில்ட்டே ஆகாது. பஞ்சும் இல்லை, அடுக்குத் தையலும் இல்லை. ஆனால் பெற்ற தாய் உட்கார்ந்து மகன் பெயரைத் தைத்ததை வைத்துக்கொண்டு இலக்கணம் பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

சரி, நாமே ஒன்று தைத்தால்?

அம்மாவின் கேள்விக்கு மீதிப் பதில் வேலையில் இறங்கினால்தான் தெரியும். முழுத்துணியில் நிறங்களுக்கு நடுவே நடக்கும் உரையாடல் ஏற்கெனவே முடிந்துபோய், துணி ஆலைக்காரர் முடிவு செய்து அனுப்பிவிட்டார். வெட்டினால் அந்த முடிவு நம் கைக்கு வருகிறது. பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சளை வைக்கலாமா, மாம்பழ நிறத்தை வைக்கலாமா என்று ஒரு மாலை முழுக்க ஓடிவிடும். நேரம் போனதே தெரியாது.

தொடங்க ஏற்றது 'நைன் பேட்ச்'. ஒன்பது சதுரம், மூன்றுக்கு மூன்று. நாலரை அங்குலச் சதுரமாக அடர் நிறத்தில் ஐந்து, வெளிர் நிறத்தில் நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். துணி எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும்; பாலியஸ்டர் கலந்தால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. வெட்டும் முன் துவைத்துவிடுங்கள். முக்கியமாகச் சிவப்பை. நான் சோம்பலில் துவைக்காமல் தைத்த முதல் வெள்ளைக் கட்டம் இன்றும் ரோஜா நிறத்தில்தான் இருக்கிறது.

ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். இந்தக் கால் அங்குலம்தான் குயில்ட்காரர்களின் வேதவாக்கு. கணக்கைப் பாருங்கள்: நாலரை அங்குலத் துண்டின் இருபுறமும் கால் கால் போனால் மிச்சம் நான்கு. மூன்று சேர்ந்தால் 12. ஒவ்வொரு ஓரத்திலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகத் தைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மூன்று துண்டு சேர்ந்த ஒரு கட்டத்தில் இரண்டு இணைப்பு, இணைப்புக்கு இரண்டு ஓரம். கால் அங்குலம் காணாமல் போய்விடும். ஆறு கட்டம் சேர்ந்த வரிசையில், கட்டங்களுக்கு இடையிலான இணைப்பையும் சேர்த்து 2 அங்குலத்துக்கு மேல் குறையும். பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே சேராது.

இணைப்பின் பின்பக்கத்தை அடர் நிறத் துணியின் பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். வெளிர் நிறத்தின் வழியாகத் தெரியாது. நம் ஊர்க் குளிருக்குப் பஞ்சுப் படலம் வேண்டாம் என்பவர்கள் நடுவில் பழம்புடவையை இரண்டு மடிப்பாக வைக்கலாம். அடித்துணியையும் நடு அடுக்கையும் எல்லாப் பக்கமும் ஓரிரு அங்குலம் பெரிதாக விடுங்கள், தைக்கத் தைக்க உள்ளே இழுக்கும். ஊக்கு குத்தி அடுக்குகளை நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி மேடிட்டு நிற்கும். அதைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்குலத்துக்கு நான்கைந்து தையல் வந்தாலே முதல் முறைக்குப் போதும். கடைசியில் இரண்டரை அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துச் சுற்றிலும் ஓரம் கட்டுங்கள்.

முடிந்ததும் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தையல் கோணல் எல்லாம் பளிச்சென்று தெரியும், துணி விறைப்பாக அட்டை போல நிற்கும். ஒருமுறை துவைத்துக் கொடியில் போடுங்கள். உள்ளிருக்கும் பருத்தி லேசாகச் சுருங்கி, தையலுக்குத் தையல் துணி புடைத்து எழும்பும். கோணல் எங்கே இருந்தது என்று நீங்களே தேட வேண்டியிருக்கும். என்னுடையதைக் காய்ந்ததும் அம்மாதான் எடுத்து மடித்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.